குமரியில் இயற்கைப் படம் எடுத்துப் பிழைப்பது: வராமல் நின்ற பணமும் அதன் பின்னால் அலைந்ததும்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்யாண வீட்டுப் படம் எடுத்துப் பிழைக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருப்பார்கள். பறவை, கடல், மலை என்று எடுத்து அந்த வருமானத்திலேயே வீட்டுச் செலவையும் பார்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், அதில் நானும் ஒருத்தி. நாகர்கோவிலில் ஒரு ஸ்டூடியோவில் பல வருஷம் கல்யாண ஆல்பம் செய்துவிட்டு, இனி இதுதான் என் வேலை என்று வெளியே வந்தவள். இந்தத் தொழிலைப் பற்றி யாரிடம் கேட்டாலும் எந்த லென்ஸ் வாங்கலாம், தேரூர் குளத்துக்கு எந்த மாசம் என்ன பறவை வரும், இதைத்தான் ஆசையாகச் சொல்வார்கள். பில் போட்ட பணம் வராவிட்டால் எங்கே போவது, எடுத்த படம் சட்டப்படி யாருக்குச் சொந்தம், இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஓடி, ஒரு லட்சத்துக்கு மேல் விட்டு, அம்மாவின் செயினை அடகு வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இந்த வேலைக்கு வரத் துடிக்கிற பிள்ளைகள் நிறைய பேரை இப்போது பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் முழுசாக எழுதுகிறேன்.

2023 மே மாதம் ஒரு தனியார் ரிசார்ட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அறைச் சுவர்கள், வரவேற்பறை, இணையதளம், வருஷக் காலண்டர், எல்லாவற்றுக்கும் குமரி மாவட்டத்துப் படங்கள் வேண்டும் என்றார்கள். இரண்டு மழைக்காலமும் அதில் வரணும்: ஆனி ஆடிக் கடல், பேச்சிப்பாறைப் பக்கத்து மலைச்சாரல், ஐப்பசிக்கு அப்புறம் வருகிற பறவைகள், இரண்டாம் போகமான கும்பப்பூ நெல் நிற்கிற வயல். தொகை 3,80,000 ரூபாய். அதில் 80,000 அட்வான்ஸ், மீதி 3,00,000 எல்லாப் படமும் கொடுத்த பிறகு. எனக்கு அதுவரை வந்ததிலேயே பெரிய வேலை அதுதான். பேச்சு முழுக்க வாட்ஸ்அப்பில் நடந்தது. அங்கிருந்த மேனேஜர் மரியாதையான மனுஷர். "மேடம், நம்ம ஊருப் படம் நம்ம ஊரு ஆளு எடுத்ததா இருக்கணும்" என்று சொன்னவர். நம் ஊரில் இப்படிப்பட்ட வேலைக்கு அக்ரிமென்ட் போடுகிற வழக்கமே கிடையாது. கல்யாண ஆர்டரைக்கூட டைரியில் குறித்துக்கொண்டு அட்வான்ஸ் வாங்குவதோடு சரி, அந்தப் பழக்கம்தான் இங்கேயும் நடந்தது.

வேலை ஆனியில் தொடங்கியது. அந்தச் சமயத்தில் முட்டம் பாறைக்குப் போயிருக்கிறவர்களுக்குத் தெரியும், மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அடிக்க ஆரம்பித்தால் அலை பாறையில் மோதித் தெறிக்கிற தண்ணீர் மேலே நிற்கிற ஆள் வரைக்கும் வரும். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீர் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரியாமல் காற்றில் மிதந்து வருகிற உப்புதான் கேமராவுக்கு எமன். கொஞ்ச நேரம் நின்றாலே ஃபில்டர் மேல் மெல்லிய மங்கல் படியும், விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். அதை உலர்ந்த துணியால் துடைத்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்கணும், அப்புறம்தான் காய்ந்த துணி. டிரைபாட் கால்களை வீட்டுக்கு வந்ததும் முழுசாக நீட்டி நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவிக் காயவைக்கணும், இல்லாவிட்டால் அடுத்த மாசம் பூட்டு திருகாது. கடற்கரையில் நின்றுகொண்டு லென்ஸ் மாற்றவே கூடாது. இரண்டு லென்ஸ் தேவைப்படும் என்றால் இரண்டு கேமரா, இல்லையென்றால் காருக்குள் போய் மாற்றிவிட்டு வரணும். மணக்குடியில் வள்ளத்தில் என்னைக் கூட்டிப் போன பெரியவர் ஆறு கடலில் சேருகிற பொழிமுகத்தில் நின்றுகொண்டு, "கச்சான் ஏறிட்டு மக்ளே, இனி நிக்காண்டாம், கேறி வா" என்று சொன்னால் நான் ஒரு நிமிஷம்கூட வாதாடமாட்டேன். நல்ல வெளிச்சமாக இருந்தாலும் சரி. கடல் விஷயத்தில் அவர் சொன்னது ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

இதில் ஒரு சிக்கல் சீக்கிரமே வந்தது. "கன்னியாகுமரியில் கடலுக்குள் சூரியன் மறைகிற மாதிரி ஒரு பெரிய படம் உடனே வேண்டும்" என்றார்கள், அதுவும் ஜூலை மாசம். முக்கடல் முனையில் நின்றால் உதயமும் அஸ்தமனமும் கடலிலேயே தெரியும் என்று எல்லாரும் நினைப்பது உண்மைதான், ஆனால் வருஷம் பூராவும் இல்லை. ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கி மறையும், அங்கே நிற்கிறவர்களுக்கு அது கரைப்பக்கம், மரங்களுக்கும் வீடுகளுக்கும் பின்னால். கடலுக்குள் இறங்குகிற படம் வேண்டுமென்றால் ஐப்பசி முதல் மாசி வரைக்கும்தான் நல்ல காலம். சித்ரா பௌர்ணமி அன்றைக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்க மறுபக்கம் நிலா ஏறும், அதற்குக் கூட்டமும் வரும், ஆனால் சித்திரை வானம் தெளிவாக இருக்குமா என்பது அதிர்ஷ்டம். இதையெல்லாம் பொறுமையாக எழுதி அனுப்பினேன். பின்னால் பணம் கேட்டபோது, "கேட்ட படத்தை நேரத்துக்குத் தரவில்லை" என்று அதையே ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதனால் இப்போது கொட்டேஷனிலேயே ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் எந்த மாசத்தில் எடுக்க முடியும் என்று எழுதிவிடுகிறேன். வானம், மழை, பறவை வரவு காரணமாகத் தள்ளிப்போனால் அது தாமதமாகக் கணக்கில் வராது என்றும் ஒரு வரி.

அதைவிட மனசு கஷ்டப்பட்டது தேரூரில். கார்த்திகை, மார்கழியில் குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் இறங்கும். சங்குவளை நாரை என்றும் சொல்வார்கள். அது மீன் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கணும்: அலகைப் பாதி திறந்தபடி தண்ணீருக்குள் விட்டு இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும், ஒரு காலால் சேற்றைக் கிளறும், கலங்கி ஓடுகிற மீன் அலகில் பட்ட நொடியில் வாய் மூடிவிடும். கண்ணால் தேடுவதே இல்லை, அலகுதான் அதற்குக் கண். முதுகின் கடைசியில் அந்த ரோஸ் நிற இறகுகள் காலை வெயிலில் தெரிகிற மாதிரி எடுக்கணும் என்றால் வரப்பில் உட்கார்ந்து, அது நம்மை மறக்கிற வரைக்கும் அசையாமல் இருப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ரிசார்ட்டிலிருந்து இளைஞர் ஒருத்தரை என்னோடு அனுப்பியிருந்தார்கள். "மேடம், ஒரு வெடி போட்டா எல்லாம் ஒண்ணா எழும்பும், அப்ப எடுங்க" என்றார். கையில் பட்டாசும் வைத்திருந்தார். முடியாது என்று சொல்லிவிட்டேன். வலசை வருகிற வாத்தும் உள்ளானும் ஆயிரக்கணக்கான மைல் பறந்து களைத்து இங்கே வந்து தின்று உடம்பு தேற்றுகின்றன. நாம் கலைக்கிற ஒவ்வொரு தடவையும் அது சேர்த்துவைத்த தெம்பில் கொஞ்சம் போகும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் இரண்டும் 2022-இல் ராம்சார் இடங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டவை, இதைப் பாதுகாக்க எத்தனை பேர் எத்தனை வருஷம் பேசியிருக்கிறார்கள். பறந்து எழும்புகிற படம் வேண்டுமென்றால் காத்திருக்கலாம், செம்பருந்து ஒன்று மேலே வட்டம் போட்டால் தானாக எழும்பும். நான் மறுத்தது அவர்களுக்குப் பிடிக்கவில்லை, அதற்கப்புறம் பேச்சில் ஒரு விறைப்பு வந்தது. இன்றைக்கு அதே நிலைமை வந்தாலும் இதையேதான் சொல்வேன். இப்போது அக்ரிமென்டில், பறவையைக் கலைத்தோ, கூட்டுக்கு அருகே போயோ, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டோ படம் எடுக்கமாட்டேன் என்று எழுதிவிடுகிறேன். முதலிலேயே எழுத்தில் இருந்தால் நடுவயலில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டியதில்லை.

காட்டுக்குள் படம் எடுப்பது இன்னொரு விஷயம். கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் ரோட்டில் நின்று எடுப்பது வேறு, கன்னியாகுமரி வன உயிரின சரணாலயத்துக்குள் போய் எடுப்பது வேறு. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 28-ஆம் பிரிவுப்படி சரணாலயத்துக்குள் புகைப்படம் எடுக்க அனுமதி வாங்கணும், அதைத் தருகிற அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்து விண்ணப்பிக்கலாம். அதற்கு ஆகும் நாளையும் கட்டணத்தையும் கொட்டேஷனில் தனியாகப் போடுங்கள். "ரப்பர் தோட்டம் வழியா ராத்திரி போனா ஆனை நிக்கும்" என்று ஆசை காட்டுகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், ஆனை நிற்கும் என்பது உண்மை, அதனால்தான் போகக் கூடாது. ட்ரோன் கேட்டால், 250 கிராமுக்கு மேல் உள்ளதைத் தொழில் ரீதியாக ஓட்ட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும், பறக்கலாமா கூடாதா என்பதை அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் பார்க்கணும். நான் ட்ரோன் ஓட்டுவதில்லை, சான்றிதழ் உள்ள ஒருத்தரைத் தனிச் செலவாகக் கூப்பிடுகிறேன்.

மழை சீசன் முடிந்தபோது தூரத்துப் பறவையை எடுக்கிற என் டெலி லென்ஸில் பூஞ்சை பிடித்திருந்தது. டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்த்தபோது உள் கண்ணாடியில் வெள்ளையாக நூல் நூலாகப் படர்ந்திருந்ததைக் கண்டேன், வயிறு கலங்கிவிட்டது. பேச்சிப்பாறை, திற்பரப்பு, கடல் என்று மாறி மாறி ஈரத்திலேயே கிடந்த பை. திறந்து சுத்தம் செய்ய 14,500 ரூபாய் ஆனது, அதுவும் பூச்சில் விழுந்த தழும்பு போகவில்லை. வெயிலுக்கு எதிராக எடுத்தால் இன்றைக்கும் ஒரு மூலையில் வெளுக்கும். காப்பீடு இருக்கிறதே என்று கேட்டேன். விழுந்து உடைவது, திருட்டு, இதற்குத்தான் என் பாலிசி, பூஞ்சை மெல்ல மெல்ல வருகிற சேதம் என்பதால் கிடைக்காது என்றார்கள். பாலிசி எடுக்கும்போதே இதையும், தொழிலுக்குப் பயன்படுத்தினால் செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டுவிடுங்கள். நம் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் பெய்யும், காற்றில் ஈரம் குறைகிற மாசமே அபூர்வம். ஈரத்தைக் குறைத்து வைக்கிற டிரை கேபினெட் அலமாரி ஒன்று வாங்கி ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருப்பதுதான் நல்ல வழி. வாங்க முடியாதவர்கள் காற்றுப் புகாத பெரிய டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று. ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி உலர்த்தணும். கேமரா பைக்குள்ளேயே வைத்து மூடிவிடுவது மட்டும் வேண்டாம், பை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

2024 மார்ச்சில் எல்லாப் படங்களையும் கொடுத்தேன். பெரிய அளவில், அச்சுக்குத் தயாராக, வாட்டர்மார்க் இல்லாமல். இன்வாய்ஸும் அனுப்பினேன். "சூப்பர் மேடம்" என்று பதில் வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஏப்ரலில் கேட்டால் வருஷக் கணக்கு முடிகிற நேரம், மே மாசம் கேட்டால் சீசன் நேரம், ஜூனில் கேட்டால் அந்த மேனேஜரே அங்கே இல்லை, வேறு ஊருக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் "ஃபைல் பார்த்துட்டு சொல்றேன்" என்பார். இந்தக் காலத்தில் என் மனசு இருந்த இருப்பைச் சொல்லணும். போன் அடித்தால் அவர்களாக இருக்குமோ என்று ஓடுவேன். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வரும், கேட்டதற்கு மேல் கேட்டால் கோபப்பட்டு ஒன்றுமே தராமல் விட்டுவிடுவார்களோ என்று யோசிப்பேன். லென்ஸ் வாங்க வைத்த நகைக்கடனுக்கு வட்டி கட்ட நாள் வரும்போதெல்லாம் அம்மா ஒன்றும் கேட்கமாட்டாள், அதுதான் தாங்கமுடியாது. கையில் கேமராவை எடுக்கவே பிடிக்காமல் சில மாசம் போயிற்று. நான் வேலை செய்துவிட்டுக் கூலி கேட்கிறேன், பிச்சை கேட்கவில்லை என்பதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஜூலையில் வருமான வரி தாக்கல் செய்ய உட்கார்ந்தபோதுதான் உருப்படியான ஒன்று கண்ணில் பட்டது. வரித்துறை இணையதளத்தில் 26ஏஎஸ் என்று ஒரு படிவம் இருக்கும், நம் பான் எண்ணில் யார் யார் எவ்வளவு டிடிஎஸ், அதாவது பணம் தருகிறவரே பிடித்துக் கட்டுகிற வரி, கட்டியிருக்கிறார்கள் என்று காட்டும். அதில் அந்த நிறுவனம் முழு 3,80,000 ரூபாய்க்கும் 10 சதவீதம் பிடித்துக் கட்டியதாக இருந்தது. அதாவது என் இன்வாய்ஸை அவர்கள் தங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏற்றிக்கொண்டார்கள், செலவாகவும் காட்டியிருப்பார்கள், எனக்கு மட்டும் தரவில்லை. படம் சரியில்லை, நேரத்துக்கு வரவில்லை என்று அப்புறம் என்ன சொன்னாலும் இந்த ஒரு பக்கம் அதற்குப் பதில் சொல்லிவிடும். பணம் நிற்கிறது என்றால் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஆகஸ்டில் நாகர்கோவில் போகிற வழியில் பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய விளம்பரப் பலகையைப் பார்த்தேன். என் நாரைப் படம். வயலை மண்ணடித்து நிரப்பி மனை போட்டு விற்கிற ஒரு விளம்பரம் அது. நாரைக்குப் பின்னால் இருந்த தாமரைக் குளத்தை அழித்து அங்கே மாடி வீடும் மதில் சுவரும் ஒட்டியிருந்தார்கள், தண்ணீரை இன்னும் நீலமாக்கியிருந்தார்கள். "இயற்கையின் மடியில் உங்கள் வீடு" என்று மேலே எழுத்து. விசாரித்தால் ரிசார்ட் நடத்துகிறவர்களின் இன்னொரு தொழில் அது. பணம் வராதது ஒரு வலி. இது வேறு. நாஞ்சில் நாட்டு வயலும் குளமும் இல்லாமல் போனால் அந்த நாரை எங்கே இறங்கும்? அது இறங்குகிற இடத்தைக் காப்பாற்ற யாராவது ஒருத்தராவது மனசு வைப்பார்கள் என்று எடுத்த படத்தை வைத்து வயலை விற்கிறார்கள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி அழுதேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அழுது முடித்ததும் பலகையைப் பல பக்கமிருந்து படம் எடுத்தேன், இடம் தெரிகிற மாதிரி, அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு. இதைச் செய்யச் சொல்லித் தந்தது பழைய ஸ்டூடியோ முதலாளி அண்ணாச்சி, போனில். நீங்களும் முதலில் சண்டைக்குப் போகாதீர்கள், முதலில் ஆதாரம். சண்டைக்குப் போனால் ராத்திரியோடு ராத்திரி பலகை காணாமல் போய்விடும்.

வக்கீல் பீஸுக்கு என்ன செய்வது என்று தவித்தபோது ஒரு தோழிதான் சொன்னாள், பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு என்று. உண்மைதான். 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12-ஆம் பிரிவில் பெண்கள் என்றாலே தகுதி. நாகர்கோவிலில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன், ஒரு பெண் வக்கீலை நியமித்தார்கள். அந்த அக்கா என் வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் உட்கார்ந்து படித்தார். அவர் அனுப்பிய நோட்டீஸுக்கு வந்த பதில்தான் எனக்குப் பெரிய அடி: "பணம் கொடுத்து எங்களுக்காக எடுக்கச் சொன்ன படங்கள், உரிமை எங்களுடையது, எங்கே வேண்டுமானாலும் போடுவோம்." நான் கொதித்துப் போனேன். அக்கா அமைதியாக, "சட்டத்துல அதுக்கு இடம் இருக்கும்மா" என்றார்.

இதைக் கவனமாகப் படியுங்கள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் படத்தை எடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்பது பொது விதி. ஆனால் 17-ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது: ஒருத்தர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பணம் பேசி எடுக்கப்பட்ட புகைப்படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கேட்டவர்தான் உரிமையாளர். கல்யாண வீட்டுக்கு இது பொருந்துவதில் எனக்குக் குறை இல்லை, அது அவர்கள் வீட்டுப் படம். ஆனால் மாசக்கணக்கில் வரப்பில் உட்கார்ந்து எடுத்த பறவைப் படத்துக்கும் இதே விதிதான். "உரிமை எடுத்தவரிடமே இருக்கும், இன்ன இன்ன பயனுக்கு மட்டும் அனுமதி" என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருந்தால் கதை தலைகீழாக மாறிவிடும். உரிமையை எழுதிக் கொடுப்பதாக இருந்தாலும் எத்தனை வருஷம், எந்த இடத்துக்கு என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் ஐந்து வருஷம் என்றும் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம், உரிமை கைமாறினாலும் 57-ஆம் பிரிவுப்படி படத்தை எடுத்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், என் பேர் கெடுகிற மாதிரி படத்தைச் சிதைத்தால் தட்டிக் கேட்கும் உரிமையும் என்னோடேயே இருக்கும். இதை அக்கா சொன்னபோதுதான் மூச்சு வந்தது.

அப்புறம் அவர் கேட்டார், "இந்த நாரைப் படம் எப்ப எடுத்தது?" 2021 டிசம்பரில் எடுத்தது அது. ரிசார்ட் வேலை வருவதற்கு முன்னாலேயே. என் பழைய படங்களிலிருந்தும் சிலது வேண்டும் என்று அவர்கள் கேட்டு, அறைச் சுவருக்கென்று கொடுத்தவற்றில் ஒன்று. அவர்கள் சொல்லி எடுத்ததில்லை, அதனால் அந்த விதிவிலக்கு இதற்குப் பொருந்தாது. கேமரா முதலில் பதிகிற மூலக் கோப்பான ரா ஃபைல் என்னிடம் இருந்தது, தேதியோடு, அதற்கு முன்னும் பின்னும் எடுத்த வரிசைப் படங்களோடு. அதிலிருந்து மாற்றி அனுப்புகிற ஜேபெக் படம் யாரிடமும் இருக்கலாம், ரா ஃபைல் எடுத்தவரிடம்தான் இருக்கும். அதனால் ரா ஃபைலை எந்தக் காலத்திலும் அழிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்து ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். என்னுடையது சித்தி வீட்டில் இருக்கிறது. போனையும் மாற்றிவிடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சை ஆதாரமாகக் கொடுக்கும்போது மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் சேர்த்துக் கொடுக்கணும், அந்தப் பேச்சு இருந்த போன் கையில் இருந்தால் அது சுலபம். இரண்டாவது நோட்டீஸ் போன ஒரு வாரத்துக்குள் பலகை இறங்கிவிட்டது.

பணத்துக்கு இன்னொரு வழி இருந்தது, எனக்குக் கிடைக்காமல் போனது. உத்யம் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்த சிறு தொழில் என்றால் 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தரணும், எழுத்தில் கெடு எதுவும் பேசாவிட்டால் 15 நாள்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாசா மாசம் கூட்டுவட்டி. அதற்கென்று உள்ள அரசு இணையதளத்தில் புகார் போடலாம். புகைப்படத் தொழிலும் சேவைத் தொழிலாக இதற்குள் வரும். ஆனால் பதிவுக்கு முன்னால் முடித்த வேலைக்கு இந்தப் பாதுகாப்பைக் கேட்பது கஷ்டம் என்று அக்கா சொன்னார். ஆதாரும் பானும் இருந்தால் வீட்டிலிருந்தே போனில் பதிவு செய்யலாம், கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பணம் கேட்கிற தனியார் இணையதளங்கள் இருக்கின்றன, அங்கே போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கேமராவில் முதல் ரூபாய் சம்பாதிப்பதற்கு முன்னால் இதைச் செய்துவிடுங்கள்.

வழக்குப் போட்டால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்பதால் வழக்குக்கு முன்பே, சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் மனு கொடுத்தோம். அதற்குக் கட்டணம் இல்லை. எதிர்த்தரப்பு வந்தால்தான் பேச்சு, வராவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் தடவை வரவில்லை. பலகை விஷயம் கோர்ட்டுக்குப் போனால் பேர் கெடும் என்று தோன்றியதோ என்னவோ, அடுத்த தடவை வந்தார்கள். 26ஏஎஸ் தாளை மேஜை மேல் வைத்ததும் "படம் சரியில்லை" என்ற பேச்சே எழவில்லை. 2025 மார்ச்சில் பாக்கிக்கும் நாரைப் படத்துக்கும் சேர்த்து 1,90,000 ரூபாய், இரண்டு தவணை என்று முடிந்தது. நான் கேட்டது 3,00,000. வேலைக்காக ஆன பெட்ரோல், வள்ளம், தங்கல், லென்ஸ் ரிப்பேர் எல்லாம் 1,35,000-ஐத் தாண்டும், நகைக்கடன் வட்டி தனி. ஒத்துக்கொள்ளலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அம்மாவின் செயின் திரும்பி வரணும், எனக்குத் தூக்கம் வரணும், ஒத்துக்கொண்டேன். இன்னும் இழுத்தால் முழுசும் கிடைத்திருக்கும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம். லோக் அதாலத்தில் எழுதப்படுகிற முடிவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. இரண்டாவது தவணை தள்ளிப்போனபோது நிறைவேற்று மனு போடுவோம் என்று ஒரு கடிதம் போனதும் வந்துவிட்டது.

இப்போது எந்த வேலைக்கும் இரண்டு பக்கத் தாள் ஒன்றைத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். உரிமை என்னுடையது, எந்தப் படத்தை எங்கே எத்தனை வருஷம் பயன்படுத்தலாம், அவர்களுடைய வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது, படத்தில் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது, என் பெயர் வரணும். பணம் மூன்று பாகம்: தொடங்கும்போது பாதி, முதல் பருவத்துப் படங்கள் கொடுக்கும்போது கால், கடைசியில் கால். கடைசிப் பாகம் வரும்வரை சின்ன அளவில், வாட்டர்மார்க்கோடுதான் காட்டுவேன். பழைய படங்கள் கொடுத்தால் அவற்றுக்குத் தனிப் பட்டியல், எடுத்த தேதியோடு. இந்தத் தாளைப் பார்த்ததும் ஒரு ஹோட்டல்காரர் வேண்டாம் என்று போய்விட்டார். அடுத்து வந்த ஒரு பள்ளிக்கூடம் படித்துப் பார்த்து ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது, பணமும் நாள் தவறாமல் வந்தது.

ஏற்கெனவே பணம் மாட்டிக்கொண்டு நிற்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் காலம், "பார்க்கலாம் மேடம்" என்று இழுக்கிற ஒவ்வொரு மாசமும் அதில்தான் கழியும். நாளைக்கே இன்வாய்ஸ், வாட்ஸ்அப் பேச்சின் பிரிண்ட், 26ஏஎஸ், ஆதார் நகல் நான்கையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். ஆண்களுக்குப் பொதுவாக வருமான வரம்பு உண்டு, அதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லோக் அதாலத்தில் மனு கொடுக்க அந்த வரம்பு தேவையில்லை.